கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணா

சிரிப்பு கிளப்பிலிருந்து ஒருவரை, சத்தமாகச் சிரித்தார் என்பதற்காக வெளியே அனுப்புவார்களா?

அனுப்பினார்கள். போன மாதம்தான். எங்கள் பக்கத்து வீட்டு துரைசாமி அண்ணனை.

அண்ணன் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் நடத்தியவர். ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே கத்திக் கத்தியே பேசிப் பழகிய தொண்டை. அவர் என்னிடம் "காப்பி குடிக்கறீங்களா அம்மிணி?" என்று கேட்டால், எதிர்வீட்டுக்காரர் "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்பார்.

போன வருஷம் யூனிட்டை மகன் கையில் கொடுத்துவிட்டார். அங்கே ஆரம்பித்தது பிரச்சினை. காலையில் குளித்து, சட்டையை இன் பண்ணி, சோபாவில் உட்கார்ந்துவிடுவார். அப்படியே மத்தியானம். அப்படியே சாயங்காலம். நாளாக ஆக, அந்தக் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை.

அவர் மனைவி சரஸ்வதி அக்கா ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"அவரு கத்துனா தலைவலிதான் கண்ணு. ஆனா கத்தாம இருக்கறது பயமா இருக்குது. எங்கியாச்சும் நாலு பேரோட சேத்து உடு."

பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! எனக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப் குரூப்கள்தான். சரி, அதுவாவது உதவட்டுமே...

முதலில் சிரிப்பு கிளப். பூங்காவைச் சுற்றியுள்ள வீடுகளிலிருந்து மூன்றாம் நாளே புகார் வந்துவிட்டது. அடுத்தது வாசகர் வட்டம். நூலக ஹாலில் அண்ணன் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது ஒருவர், "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணா" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் சொன்னார்களே!

கடைசியாகப் பறவை பார்க்கும் குழு. குளத்தங்கரையில் எல்லாரும் மூச்சுவிடாமல் நிற்கிறோம். "அம்மிணி, அதா பாருங்க நாரை!" என்றார் அண்ணன். நாரை பறந்தது. கூடவே குளத்தில் இருந்த அத்தனையும் பறந்தன.

திரும்பி வரும்போது காரில் அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"உட்ருங்க அம்மிணி. நானு எங்கியும் ஒத்து வர மாட்டேனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்கிறேன் என்று ஒரு மனிதரை மூன்று இடத்தில் கூச வைத்துவிட்டேனே?

போன ஞாயிற்றுக்கிழமை நானும் தயங்கித்தான் கூப்பிட்டேன். காங்கேயம் ரோட்டில் ஒரு முதியோர் இல்லம். இளைஞர்கள் சிலர் வாராவாரம் அங்கே போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறார்கள். "சும்மா துணைக்கு வாங்கண்ணா" என்றேன். வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

திவ்யா என்ற பெண் படித்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். தேன் மாதிரிக் குரல். பெரியவர்கள் எல்லாரும் அழகாகத் தலையாட்டிக் கேட்டார்கள். நடுவில் அவளுக்கு இருமல் வந்தது. பக்கத்தில் வந்து, "அங்கிள், நீங்க கொஞ்சம் படிக்கறீங்களா?" என்று பேப்பரை அண்ணனிடம் நீட்டினாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். வேறென்ன செய்ய?

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அமராவதி அணையில்... தண்ணீர் திறப்பு!"

தலையாட்டிக்கொண்டிருந்த அத்தனை தலைகளும் நின்றன.

"எப்பத் தொறக்கறாங்களாமா?" தாராபுரம் பக்கம் நெல் போட்ட ஒரு பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "தொறந்து என்னத்துக்கு? கடைமடைக்கு எங்க வருது?" என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். ஹாலே கலகலத்துவிட்டது.

ஜன்னலோரம் இருந்த அம்மா ஒருவர் திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காத கண்ணு. இத்தன வாரமா நீ வாய அசைச்சே, நாங்க தலைய அசைச்சோம். ஒம் மனசு நோகக் கூடாதில்ல?"

திவ்யா ஒரு நிமிஷம் திகைத்தாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... சிரிப்பு கிளப்பில்கூட நான் கேட்டதில்லை.

அண்ணன் விடவில்லை. அரசியல், ராசிபலன், மணமகள் தேவை, டெண்டர் அறிவிப்பு... எல்லாவற்றையும் படித்து முடித்தார்.

எந்தக் குழு நமக்குப் பிடிக்கும் என்றுதானே எல்லாரும் தேடுகிறோம்? எங்கே நாம் தேவைப்படுகிறோம் என்று தேடியிருந்தால், அந்த நாரையாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி... பேப்பரு திங்கக்கெழமையும் வருமில்லீங்க?"