எழுதக் கூடாத வடிவங்கள்

எண்பதுகளின் நடுவில் பழவேற்காட்டில் ஒரு மீன்வள ஆய்வுக்கான அலுவலகம் இருந்தது. பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றின் வீட்டில் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்கட்டில் பாய் வீட்டுச் சமையல் மணக்கும். பின்கட்டில் நாங்களும் ஒரு கம்ப்யூட்டரும். உப்புக் காற்று பட்டால் அது கெட்டுவிடும் என்று சன்னல்களையெல்லாம் அடைத்து ஏசி போட்டிருந்தார்கள். நான் பார்த்தவரை ஊரில் ஏசி இருந்த அறை அது ஒன்றுதான். அதுவும் எங்களுக்காக இல்லை, மெஷினுக்காக.

ஏரியில் எந்த இடத்தில் என்ன மீன் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கு வைக்க அங்கே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எங்கள் ஊரான பசியாவரத்திலிருந்து தினமும் காலையில் படகேறி வருவேன், சாயங்காலம் படகிலேயே திரும்புவேன். வலைக்காரர் வீட்டுப் பெண் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று ஊரில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. அப்புறம் மறந்துவிட்டார்கள்.

டைப் அடிப்பதைவிட எனக்குப் பிடித்துப்போனது வேறொரு வேலை. கம்ப்யூட்டருக்கான கட்டளைகளுக்கு நடுவே கமெண்ட் என்று சில வரிகள் எழுதுவார்கள். இந்த இடத்தில் இன்ன கணக்கு நடக்கிறது, இந்தப் பெயருக்கு இன்ன பொருள் என்று பின்னால் வந்து படிக்கும் மனிதருக்காக எழுதுவது. மெஷின் அந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மெஷினே மதிக்காத வரிதானே என்று எழுதுகிறவர்களும் கைக்கு வந்ததை எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் புரோகிராமை மெட்ராஸிலிருந்து வந்த பையன்கள் ஒருவர் மாற்றி ஒருவராக எழுதியிருந்தார்கள். ஒருவன் ஷ்ரிம்ப் என்று எழுதியதை அடுத்தவன் பிரான் என்று எழுதியிருப்பான். இரண்டும் எங்கள் வீட்டுக் குழம்பில் கொதிக்கிற அதே இறால்தான். மேட்டுப் பாடு என்ற ஒரே இடத்தை ஒருவன் இங்கிலீஷில் ஒற்றை டி போட்டும், இன்னொருவன் இரட்டை டி போட்டும், மூன்றாமவன் பாதி பெயரை விழுங்கியும் எழுதியிருந்தான். கமெண்டில் தொடங்கிய குளறுபடி மேனுவலுக்குப் போய், அங்கிருந்து கணக்குக்கே வந்துவிட்டது. ஒரு மாத அறிக்கையில் ஏரியில் இல்லாத இடங்களெல்லாம் முளைத்திருந்தன. அதைப் பிடித்துக் கொடுத்தது நான்.

அலுவலகப் பொறுப்பில் இருந்த சார் அன்றிலிருந்து அந்த வேலையை என் தலையில் கட்டினார். ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரே எழுத்து. அதற்காக ஒரு பட்டியல் தயாரித்தேன். இடது பக்கம் எழுத வேண்டிய வடிவம். வலது பக்கம், 'எழுதக் கூடாத வடிவங்கள்' என்ற தலைப்பின் கீழ், மற்றதெல்லாம். கமெண்டிலும் மேனுவலிலும் வலது பக்கத்துச் சொல் ஒன்று தட்டுப்பட்டாலும் சிவப்புப் பேனாவால் சுழித்து அந்தப் பையனின் மேசையிலேயே கொண்டுபோய் வைப்பேன். எனக்கு அவர்கள் மாமியார் என்று பெயர் வைத்திருந்தது தெரியும். வைத்துக்கொள்ளட்டும். படித்தவர்கள் போல் இல்லாமல் நேற்று எழுதியதை இன்றைக்கு மாற்றி எழுதுகிறவர்களுக்கு மாமியார் வேண்டியதுதான்.

பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. மீன் ஓடுகிற இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்தப் பாடு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காய்ச்சல், கல்யாணம் எதற்கும் பாடு நிற்காது.

அந்தக் கார்த்திகையில் மேட்டுப் பாடு எங்கள் முறைக்கு வந்தது. நைனாவுக்குக் காய்ச்சல். தம்பி தனியாகப் போனான். மழைத் தண்ணீர் இறங்கி முகத்துவாரம் உடைந்திருந்த நேரம், ஏரித் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. வலைக் கழியைப் பார்க்கத்தான் போனான். விடிந்த பிறகு படகு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அவன் எப்படி விழுந்தான், கூப்பிட்டானா, எவ்வளவு நேரம் மிதந்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. உடம்பு கிடைக்கவில்லை. வைக்கோலில் உருவம் செய்து கொள்ளி வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வைக்கோலுக்கு நான் அழ மாட்டேன் என்று அம்மா மறுத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு பாட்டில் ஆள் போய்விட்டால், வருஷம் திரும்பும்வரை அந்தப் பாட்டை அவன் பெயரால்தான் சொல்ல வேண்டும். வருஷத் திதி முடிந்த மறுநாள் பழைய பெயருக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குமேலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் போனவன் கரையேறாமல் அங்கேயே நின்றுவிடுவான் என்பார்கள். ஆக அந்த வருஷம் முழுக்க மேட்டுப் பாடு என் தம்பியின் பெயரில் இருந்தது. நான் போகிற படகில், 'இன்னிக்கு அங்க தண்ணி கலங்கலா கீது' என்று அவன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொள்வார்கள். மீன் கொண்டுவந்து போடும்போது எந்தப் பாடு என்று யாராவது கேட்டால் நைனா தன் மகன் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். பிறகு அதுவும் நின்றுபோய், சாதாரணமாகச் சொல்லப் பழகிவிட்டார். அவர் பழகியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

துக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மேசையில் பிரிண்ட் எடுத்த காகிதக் கட்டு இருந்தது. கரையில் கணக்கெடுக்கிறவர் மீனவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். அலுவலகப் பையன் அதை ஏரியில் புதிதாகச் சேர்ந்த ஒரு இடம் என்று நினைத்து, கணக்கில் ஏற்றி, கமெண்டிலும் எழுதி, மேனுவலிலும் சேர்த்துவிட்டான். என் தம்பியின் பெயர், அதன் பக்கத்தில் ஆழம், அதன் பக்கத்தில் இறால். மேட்டுப் பாட்டுக்கு நேரே பூஜ்யம். காகிதத்தை மூடிவைத்துவிட்டு அந்த ஏசி அறையில் உட்கார்ந்து அழுதேன். குளிர வேறு செய்தது.

இரண்டும் ஒரே இடம் என்று அன்றைக்கே பையனிடம் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. மெட்ராஸுக்கு அனுப்புமுன் கடைசிச் சுற்றில் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம் அக்கா, அதுவரை அறிக்கை எதுவும் போடப்போவதில்லை என்றான். மாமியார் போய் அக்கா வந்திருந்தது. எனக்கும் அவசரம் இல்லை.

மகன் பெயர் மெஷினில் ஏறியிருக்கிற செய்தி அம்மாவுக்குக் கணக்கெடுக்கிறவர் மூலமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலம் நான் படகிலிருந்து இறங்கும்போது கரையிலேயே நின்றிருந்தாள். தம்பி போன பிறகு அவள் கரைப் பக்கம் வந்ததே அதுதான் முதல் தடவை. நிஜமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் பெயர் அங்கே எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டாள். வருஷம் முடிந்தால் ஊரில் பெயர் மாறுகிற மாதிரி அங்கேயும் மாறும் அம்மா என்று சொன்னேன். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏரியில சொல்லக் கூடாதுன்னுதான் வழக்கம். மெஷின்ல இருந்தா இன்னா? அது தண்ணி இல்லியே. அங்க அவன் மாட்டுக்கு நிம்மதியா இருந்துட்டுப் போறான்."

நாள் ஆக ஆக அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். மீன் காயவைக்கிற பெண்களிடம் சொன்னாள். தலைக்கு எண்ணெய் வைக்கத் தொடங்கினாள், சோறு சாப்பிட்டாள். வருஷம் நெருங்க நெருங்க பெயர் மாறும்போது தாங்குவாளா என்று ஊரில் மற்றவர்கள் அவளுக்காகப் பயந்தார்கள், அவள் பயப்படவில்லை. பெயர் இருக்கிறதே, மகள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தாள். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், 'பேரு இன்னும் கீதா?' என்று மட்டும் கேட்பாள். இருக்கிறது அம்மா என்பேன். அன்றன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது.

ஐப்பசி முடிகிற சமயம் புரோகிராமை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. சார் முழுக் கட்டையும் என்னிடம் கொடுத்து, வழக்கம்போல எல்லாப் பெயரையும் ஒன்றாக்கித் தரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். கணக்கில் இரண்டையும் சேர்த்துவிடலாம், அது நியாயம். ஆனால் கமெண்டில் மட்டும் ஒரே ஒரு வரி, இந்த இடத்துக்கு இந்தப் பெயரும் உண்டு என்று விட்டுவைக்கலாமா, மெஷின்தான் அதைப் படிக்காதே என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் கிழித்திருப்பேன்.

சார் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா நாளைக்கு மெட்ராஸ்ல இதப் படிக்கிறவனுக்கு உங்க தம்பியத் தெரியாது. ரெண்டு பேரப் பாத்தா ரெண்டு இடம்னுதான் நினைப்பான்."

அது என் வாயிலிருந்து எத்தனையோ தடவை வந்த பேச்சு. தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான் போலிருக்கிறது. பெயர் இருக்க ஒரு இடம் உண்டு என்று அவரே பிறகு சொன்னார். பட்டியலில் வலது பக்கம் சேர்க்கலாம், விதிப்படியும் அதுதான் சரி, படிக்கிறவர் குழம்பவும் மாட்டார். என்னை வருத்தப்படுத்த அவர் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். எழுதக் கூடாத வடிவங்கள் என்ற தலைப்பின் கீழ் என் தம்பி. பாதி விழுங்கிய பெயர்களுக்கும் பிழையான எழுத்துகளுக்கும் கீழே. அதைவிட அவன் இல்லாமலே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். திதி முடிந்தால் ஊரிலும் அந்தப் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் பட்டியலில் இல்லாவிட்டாலும் கணக்குக்குக் கெடுதல் இல்லை என்றேன். சார் ஒப்புக்கொண்டார். பையனை விட்டு எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றேன்.

ஒரு பகல் முழுக்க அதற்குப் போனது. காகிதத்தில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடினேன். அவன் பெயர் வந்த இடத்தைச் சுழித்து, மேலே மேட்டுப் பாடு என்று எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றலாம், பையன் சொல்லித் தந்திருந்தான். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. எங்காவது ஒன்று தப்பியிருக்காதா என்று முடிந்த பிறகு இன்னொரு தடவையும் பார்த்தேன். தப்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. எதுவும் தப்பவில்லை. என் வேலை சுத்தமான வேலை.

படகில் திரும்பும்போது பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அம்மா அந்த அறைக்கு வரப்போவதில்லை, அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, 'இன்னும் கீதா?' என்று கேட்டால் இருக்கிறது என்று ஆயுசு முழுக்கச் சொல்லலாம். ஆனால் தினமும் சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டுமே. அந்தத் தெம்பு எனக்கு இல்லை.

அவள் அடுப்படியில் இருந்தாள். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். இன்றைக்கு எடுத்துவிட்டோம் அம்மா, எங்கேயும் இல்லை என்றேன். வலது பக்கத்தைப் பற்றியும் சொன்னேன். தப்பான சொற்களை எழுதி வைக்கிற இடம் ஒன்று இருந்தது, அங்கே வைக்க எனக்கு மனசில்லை என்றேன். அங்கே வேண்டாம் என்று அவளும் தலையாட்டினாள். அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். நைனா வாசலில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"யாரு எடுத்தது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. ஒவ்வொண்ணா, என் கையால."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றிருந்தேன். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த அழுகை இப்போது வரும் என்று நினைத்தேன். அவள் என் வலது கையைப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்தாள். பேனாவின் சிவப்பு விரலில் ஒட்டியிருந்தது, அது போகவில்லை.

"சரி, வுடு. நீயாச்சும் பாத்துப் பாத்து எடுத்துக்கினே. புள்ள போனப்ப பாக்க ஒருத்தரும் இல்ல."