புருவத்தில் தங்கிய பனி

தம்பிராசாவுக்கு ஒரு வித்தை நன்றாகத் தெரியும்: அசையாமல் கிடப்பது. சுவிஸில் பீல் ஏரிக்கரை உணவகத்தில் கோப்பை கழுவுகிறவனுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். அவன் முதலாளி ரூடி ஒரு வேட்டைக்காரர். தொண்ணூற்றாறு ஜனவரிக் கடைசியில், சுடுபடாமல் மிஞ்சிய வாத்துகள் எல்லாம் சந்தேகப் பிராணிகளாகிவிட்டன. துணைக்கு இப்படியொரு மரக்கட்டைதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"வெள்ளை போர்த்திக்கொண்டு படுக்கப் போறீங்களோ? நல்ல சகுனம்!" என்று மனைவி வதனி சீறினாள். பனிக்குள் மறைய வேறு வழியில்லை என்றால் கேட்கிற ஆளா அவள்?

விடியுமுன், நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்க ஏழே ஏழு மர வாத்துகளை மிதக்கவிட்டார்கள். பருவம் முடிகிற நேரத்தில் கூட்டமாக விட்டால் வாத்துகள் நம்பாது. மர வாத்துகளின் முதுகில் உறைபனி பூத்ததும் ரூடி அவனைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார்.

"உயிருள்ளதன் மேல் பனி தங்காது. தங்கினால் வாத்துக்குத் தெரிந்துவிடும்."

நாணலுக்குள் இருவரும் வெள்ளைத் துணியின் கீழ் படுத்தார்கள். வெளிச்சம் வந்தது. நிஜ வாத்துகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்திறங்கின. ரூடி சுடவில்லை. தம்பிராசா கண்ணை மட்டும் திருப்பினான். ரூடியின் புருவத்தில் பனி பூத்திருந்தது. அது கரையவில்லை.

தொண்ணூறில் மட்டக்களப்பு வாவியில், கரையோரக் கண்ணா மரங்களின் பற்றைக்குள், வெடிபட்ட கூட்டாளி சிவலிங்கத்தின் பக்கத்தில் அவன் இப்படித்தான் அசையாமல் கிடந்தான். ஆமிக்காரர் போனபின் தோணியொன்று அவ்வழியே போனது. பயத்தில் அதைக்கூடக் கூப்பிடவில்லை. பொழுது சாயுமுன் சிவலிங்கம் குளிர்ந்துவிட்டான். அதன்பின் அந்தப் பெயரைத் தம்பிராசா சொன்னதேயில்லை.

இப்போது தொண்டை கிழியக் கத்தினான். ரூடி என்றுதான் கூப்பிட நினைத்தான்.

"சிவலிங்கம்!"

வாத்துகள் சடசடவென்று எழுந்து பறந்தன. நூறு கிலோ மனிதரைக் கார் வரை அவன் இழுத்துப் போனான். பாரமே தெரியவில்லை.

மாரடைப்பு, ஆனால் ரூடி பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் திறந்தார்.

"நீங்கள் இரண்டு பேர் என்னைத் தூக்கினீர்கள். மற்றவன் யார்? அந்தப் பனியில் வெறுங்காலோடு, சட்டையெல்லாம் ஈரமாக?"

பழம் கொண்டுவந்திருந்த வதனி கணவன் பக்கம் திரும்பினாள். "ஆரப்பா அது? நீங்க ரெண்டு பேருந்தானே போனீங்க?"

தம்பிராசா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு வாவியில நான் ஒருத்தரையும் கூப்பிடேல்ல," என்றான். "இந்த முறை கூப்பிட்டன். வந்திட்டான்."