விலாசம் கேட்ட கட்டம்

மற்றவர்களுக்கு வந்த கடிதத்தின் முத்திரையைக்கூடத் திருப்பிப் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. அம்மா அதை விடுப்புக் குணம் என்பார். டவுனில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய் இன்டர்நெட் என்று ஒன்று இருப்பது தெரிந்தபோது, என்னைப்போல ஒரு விடுப்புக்காரிதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். உலகத்தில் உள்ளவர்களின் வாசற்கதவெல்லாம் திறந்து கிடந்தமாதிரி இருந்தது.

ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை நின்று பாதைகள் திறந்திருந்தன. சுனாமியும் வந்து போயிருந்தது. தன்னாமுனையில் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் பனிச்சங்கேணியிலிருந்து மச்சாள் வந்தாள். என் மாமாவின் மகள், என்னைவிட மூத்தவள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாலு வயது மகளை இடுப்பில் வைத்திருந்தாள். குவைத்தில் வீட்டு வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தான். விசா வந்தால் பிள்ளையை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு பிளேன் ஏறவேண்டியதுதான்.

“அதுக்கு முன்னம் இஞ்ச ஒரு வேலை கிடைச்சா நான் போகமாட்டன்,” என்றாள். “உந்தக் கொம்பியூட்டருக்குள்ள வேலையெல்லாம் போடுறாங்களாம். மெய்தானா புள்ள?”

“ஓம் மச்சாள். ஆனா அது தானா வந்து விழாது. நாமதான் தேடணும்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவளுக்கு வேலை தேடுகிற சாட்டில் நான் விரும்பின மட்டும் மேயலாமே.

ஏறாவூரில் ஒரு துணிக்கடையின் பின்பக்கத்தில் நெட் கடை இருந்தது. கட்டாரில் வேலை செய்து திரும்பிய ஒரு முஸ்லிம் அண்ணன் நடத்தினார்; எல்லாருக்கும் அவர் காக்கா. போன் லைன் எடுபடும்போது அந்த மெசின் போடுகிற சத்தத்தைக் கேட்டு மச்சாள் பயந்துபோனாள்.

“ஏன் கத்துது?”

“வெளிநாட்டுக்குப் போற லைன் தங்கச்சி, கத்தத்தானே செய்யும்,” என்றார் காக்கா. “நான் போகக்குள்ள எங்கட உம்மா போட்ட சத்தத்தோட பாத்தா இது ஒண்டுமில்ல.”

மச்சாள் சிரிக்கவில்லை.

முதலில் அவளுக்கு ஒரு ஈமெயில் எடுக்க வேண்டியிருந்தது. பெயர், பிறந்த நாள், மறந்துபோனால் கேட்பதற்கு ஒரு இரகசியக் கேள்வி. ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்: “இத ஆர் கேக்கிற?” யாரும் கேட்கவில்லை, மெசின்தான் கேட்கிறது என்றேன். “மெசினுக்குப் பின்னால ஆர்?” நல்ல கேள்வி. எனக்கும் தெரியாது.

அவளுடைய ஊர் வாகரையில், இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பக்கம். மாங்கேணி ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லாரும் பஸ்ஸைவிட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறுவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் அரைவாசி. அங்கிருந்து வருகிறவர்களுக்கு அது மூச்சு விடுகிறமாதிரிப் பழகியிருந்தது. டவுனில் யாராவது ஊரைக் கேட்டால், இயக்கத்து ஆளென்று சந்தேகம் வராமலிருக்க, வாழைச்சேனை என்பார்கள், கிரான் என்பார்கள், சொந்தக்காரர் இருக்கிற எந்த ஊரையாவது சொல்வார்கள். மச்சாளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஏ.எல். என்கிற உயர்தரம் படிக்க எங்கள் வீட்டில் இருந்தபோது எடுத்த அடையாள அட்டையில் எங்கள் விலாசம்தான் இருந்தது. அந்த அட்டை அவளை எத்தனையோ இடத்தில் காப்பாற்றியிருக்கிறது.

அதனால் வேலை விண்ணப்பத்தில் விலாசம் கேட்ட கட்டம் வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. “உங்கட வீட்டைப் போடு.” போட்டேன்.

“ஏ.எல்.லுக்குப் பிறகு என்ன செய்தாய் எண்டு கேக்குது.”

“ஒண்டுமில்ல எண்டு போடு.”

ஒன்றுமில்லையா? சுனாமிக்குப் பிறகு ஊர் முகாமில் கூடாரம் பிரித்துக் கொடுத்தது, மாதர் சங்கக் கூட்டம் நடத்தியது, வெள்ளைக்காரர் வந்தால் பெண்கள் சொல்வதைக் கேட்டு மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கியது, சின்னப்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்தது எல்லாவற்றையும் பஸ்ஸில் வரும்போதுதான் வாய் ஓயாமல் சொன்னாள். கேட்டதற்கு, “அங்க செய்ததை இஞ்ச எழுதுறயா?” என்று என்னைப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலே வளர்ந்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆகவே ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு அவ்வளவு காலமும் தன்னாமுனையில் சும்மா இருந்த ஒரு பெண்ணை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கி, கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் அனுப்பினோம்.

பதில் இல்லை. நான் மட்டும் போய்ப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரேயொரு கடிதம் வந்திருந்தது. ஏதோ ஒரு நாட்டு இளவரசன், தகப்பன் செத்துப்போன துக்கத்தில், சொத்தையெல்லாம் மச்சாளின் பெயருக்கு மாற்ற ஆசைப்பட்டான். வீட்டுக்கு வந்து சொன்னேன். “பாவம், அவனுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையாமா?” என்று மச்சாள் உண்மையாகவே கேட்டாள்.

மெடிக்கல் பாஸ், விசா நெருங்கிவிட்டது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியனுப்பினான். அன்றிலிருந்து மச்சாள் அம்மாவுக்குப் பிள்ளையைப் பழக்கத் தொடங்கினாள். “மீன் முள்ளை ரெண்டுதரம் பாருங்க மாமி. படுக்கக்குள்ள பக்கத்தில கிடக்கிற ஆளிட காதைப் பிடிச்சாத்தான் இவள் நித்திரை கொள்ளுவாள், கையைத் தட்டிவிடாதீங்க.” அம்மா ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதார். எனக்கு ஏஜென்சிக்காரன்மேல் வந்த கோபத்தை மெசின்மேல்தான் காட்ட முடிந்தது.

அடுத்தநாள் காக்காவின் கடையில் மச்சாளை வைத்துக்கொண்டு, விளம்பரங்களை ஒன்றும் விடாமல் அடிவரை வாசித்தேன். டொக்டர் வேலை, என்ஜினியர் வேலை, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதது எல்லாம். முன்பெல்லாம் வேலையின் பெயரையும் படிப்பையும் பார்த்தவுடன் அனுப்பிவிடுவோம். அப்படி நாங்கள் விண்ணப்பித்த ஒரு விளம்பரம் திரும்பவும் வந்திருந்தது: ஒரு வெளிநாட்டு நிறுவனம், வாகரைப் பக்கத்துக்கு வெளிக்கள உத்தியோகத்தர், கடைசித் திகதியைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். ஏன் தள்ளிப் போட்டார்கள்? ஆள் கிடைக்கவில்லையா? விடுப்புத் தாங்காமல் கீழே போனேன். கடைசி வரியில் இருந்தது: அந்தப் பகுதிக் கிராமங்களிலேயே வசிப்பவராக, அங்குள்ள பெண்களோடு வேலை செய்தவராக இருக்க வேண்டும்.

நான் சிரித்த சிரிப்பில் காக்கா எட்டிப் பார்த்தார். “மச்சாள், இவங்க உன்னைத்தான் தேடுறாங்க. நாம தன்னாமுனையில இரிக்கிற வேற ஆரையோ அனுப்பியிருக்கம்!”

அவள் சிரிக்கவில்லை. வரியை இரண்டுதரம் தமிழில் சொல்லச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இத ஆர் ஆர் பாப்பாங்க?” என்றாள்.

நிறுவனக்காரர் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் யார் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கத்து ஊர்ப் பெயரையும், அங்கே கூட்டம் நடத்திய கதையையும் எழுத்தில் கொடுத்துவிட்டால் திருப்பி வாங்க முடியாது. சண்டை நின்றுதான் இருந்தது. முடிந்துவிட்டது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

“எனக்குத் தெரியாது மச்சாள்.”

மச்சாளின் மடியில் பிள்ளை அவளுடைய காதைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தது. அவள் கதிரையைக் கிட்ட இழுத்து, “எழுத்தைச் சொல்லு, நான் தட்டுறன்,” என்றாள். பிள்ளை எழும்பாமல் ஒரு விரலால் பனிச்சங்கேணி என்று தட்டி முடித்தாள். அதன்பிறகு அவள் சொல்லச் சொல்ல, கூடாரம், சங்கம், கூட்டம், பிள்ளைகள் எல்லாவற்றையும் நான் இங்கிலீசில் எழுதினேன். கட்டம் நிரம்பி இடம் போதாமல் வந்தது.

காக்காவின் கடைப் போனுக்குத்தான் அழைப்பு வந்தது. வாழைச்சேனையில் நடந்த நேர்முகத்துக்குப் போய் வந்தவளை வாசலிலேயே மறித்து, என்ன கேட்டார்கள் என்று குடைந்தேன். “ஊரில எந்தக் கிணறு உப்பு, எது நல்ல தண்ணி எண்டு கேட்டாங்க. கேட்டு முடிக்க முன்னமே சொல்லிப்போட்டன்.” வேலை கிடைத்தது. ஏஜென்சிக்காரனிடம் அவளே போய் பாஸ்போட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினாள்.

நல்ல காலம் நீளவில்லை. சண்டை மறுபடி தொடங்கி, வாகரைப் பக்கத்துச் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளியேறியது. மச்சாளும் மகளைத் தூக்கிக்கொண்டு, நடந்தும் கிடைத்ததில் ஏறியும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த அட்டையில் இருந்த விலாசம் இப்போதுதான் உண்மையானது.

இடம்பெயர்ந்து வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதியவேண்டும் என்று அறிவித்தார்கள். பொலிஸ்காரர்களும் இருப்பார்கள். மச்சாளுக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. அட்டையில் தன்னாமுனை என்றிருக்கிறது, வாயைத் திறக்காமல் வீட்டில் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொல்லிப் பார்த்தேன். அம்மாவும் சொன்னார்.

“இண்டைக்கு அது என்ட ஊர் இல்லை எண்டு சொன்னா, நாளைக்கு ஊர் திறக்கக்குள்ள என்னை ஆர் உள்ளுக்கு விடுவான்?” என்று சீலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

கூடவே போனேன். இந்த முறை விடுப்புக்கு அல்ல, பயத்தில். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இதில தன்னாமுனை எண்டு இரிக்கி?”

“அது நான் படிக்க வந்த இடம்,” என்றாள் மச்சாள். பிள்ளையின் கை அவளுடைய காதில் இருந்தது. “என்ட ஊர் பனிச்சங்கேணி. அப்பிடியே எழுதுங்க.”