சட்டைப் பையில் வைத்த தந்தி

அறுபதுகளின் தொடக்கத்தில் கோவையில் கல்லூரியில் படித்தேன். எங்கள் கால்பந்து அணிக்கே உயிர் நாச்சிமுத்து. விடுதியில் என் அறையில்தான் இருந்தான். இறுதி ஆட்டத்தன்று காலையில், அவன் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு தந்தி வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே வரவும் என்றிருந்தது. அவன் ஊர் அன்னூர், ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அவன் போய்விட்டால் தோற்றுவிடுவோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலையில் மைதானமே அதிர்ந்தது. தகரத்தைத் தட்டித் தட்டி அவன் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு கோல் போட்டான். தோளில் தூக்கிச் சுற்றியவர்கள் இறக்கிவிட்டதும் தந்தியை நீட்டினேன்.

"இப்பத்தான்டா வந்துச்சு."

படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீயாச்சும் ஓடியாந்து குடுத்தியே" என்றவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸுக்கு ஓடினான்.

அவன் அம்மாவின் காரியத்துக்குப் போனேன். "இவன்தானுங்கப்பா தந்தி கொண்டாந்து குடுத்தது" என்று காட்டினான். அவன் அப்பா என்னைக் கும்பிட்டார்.

"மூணு மணி வரைக்கும் பேச்சு இருந்துச்சுங்க தம்பி. கண்ணு வந்துட்டானான்னு கேட்டுட்டே இருந்தா."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றார்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். நாச்சிமுத்துவிடம் இன்றுவரை சொல்லவில்லை.