நம்பச் சொல்லாத சாந்தாமணி

சாந்தாமணி போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்ன ஆளை நான் நம்பவில்லை. மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன் என்றான். பெயரைக் கேட்டேன், சொன்னான். எந்த வார்டு என்றேன், அதையும் சொன்னான். இதெல்லாம் எவனும் சொல்வான். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று அவன் திருப்பிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. உறவு தெரியாமலா என் எண்ணைப் பிடித்தாய் என்று போனை வைத்துவிட்டு, அவருடைய மகள் வாசுகிக்கு நானே அடித்தேன். அவள் "அத்தை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் கோவையில் கூடிப் பேசப்போவதாகவும், நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றும் வாசுகி சொன்னாள். மைக் முன்னால் நிற்பது எனக்கு ஆகாது. அதனால் எழுதித் தருகிறேன். உங்களுக்கு அவர் சாந்தாமணி மேடம், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர். எனக்கு அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்துப் பேச்சில் நங்கை. அவர் அந்த வேலைக்குப் போன கதையில் ருக்கு என்கிற நான் காவல்காரி. வேவுகாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் ஊர் பெருமாட்டிப் பக்கம். பெயருக்குக் கேரளம், வீட்டுக்குள் கோயமுத்தூர்ப் பேச்சு. அப்பாவை நாங்கள் ஐயன் என்போம், அம்மாவை ஆத்தா என்போம். ஐயன் மாட்டுத் தரகர். பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். சுற்றிக் கூட்டமே நின்றாலும் எத்தனை விரல் பிடிபட்டது என்பது துண்டுக்குள் கைவைத்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் அவர் எந்த மாட்டுக்கும் வயது சொன்னதில்லை. மனிதர்களிடமும் ஏறக்குறைய அப்படித்தான். நான் அவர் மகள், என்னிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்?

எழுபதுகளின் நடுவில், கிணற்று மோட்டாரில் மின்சாரம் தாக்கி அண்ணன் இறந்துபோனான். நங்கைக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வாசுகி தவழ்ந்துகொண்டிருந்தாள். நங்கைக்குப் பிறந்த ஊர் மறையூர். தாய் இல்லை. தகப்பன் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கூலி வேலை செய்தார். ஹாஸ்டலிலும் உறவுக்காரர் வீடுகளிலுமாக ஒண்டிக்கொண்டு கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தார். அண்ணன் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு வந்த பெண். அதனால் வந்த நாளிலிருந்தே ஐயனுக்கு அவர்மேல் ஒரு சந்தேகக் கண்.

கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பட்டதாரிகளுக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, தேறினால் வேலை என்று விளம்பரம் வந்தது. நங்கை அதை ஐயனிடம் சொன்னபோது நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுபோயிற்று.

"என்ன வேலை அது?"

"மிஷினு என்ன செய்யோணும்னு நாம எழுதிக் குடுக்கறதுங்க மாமா."

"மிஷினு படிக்குமா?"

"அதுக்குப் புரியற மாதிரி எழுதுனாப் படிக்குங்க."

கறக்காத பாலைக் கூட்டிச் சொல்கிறவனைப் பார்ப்பது போல ஐயன் அவரைப் பார்த்தார். "செரி, போ. ருக்கு கூடவே வருவா. தப்பா ஒரு சொல்லு எங் காதுல உளுந்துச்சுன்னா, கொழந்தை இந்த ஊட்டுல இருக்கும், நீ மறையூர்ல இருப்பே. தெரிஞ்சுக்க."

நங்கை அழவில்லை, கெஞ்சவில்லை. "சரிங்க மாமா, ருக்கு வரட்டும்" என்றார். எனக்கு அதுவே சந்தேகமாகப் போயிற்று. மறைக்க ஒன்றும் இல்லாதவள் ஒரு சண்டையாவது போட்டிருக்க வேண்டாமா?

குழந்தையை ஆத்தாவிடம் விட்டுவிட்டு, வேலந்தாவளம் வழியாகப் போகும் காலை பஸ்ஸில் இருவரும் ஏறுவோம். அவர் உள்ளே போவார். நான் வாசல் பெஞ்சில் வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் உட்காருவேன். சும்மா சொல்லக்கூடாது, என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பீரோ பீரோவாக மிஷின் நின்றது. ஆணும் பெண்ணும் செருப்பைக் கழற்றிவிட்டு, கோடைகாலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஐயனிடம் சொன்னபோது, "இரும்புக்கு எதுக்குக் குளுரு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மிஷின் சூடாகிவிடும் என்று நங்கை சொன்னதை நான் வாட்ச்மேனிடம் தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

எங்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கே அந்த மிஷின்மேல் சந்தேகம். ஒரு நாள் மில் வாசலில் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் நங்கையை மறித்தார். "ஏனுங்க, உங்க மிஷினு எங்க வேலையத் தின்னுப்போடுமாமே?" வேறு யாராக இருந்தாலும் அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொல்லி நழுவியிருப்பார்கள். நங்கை நின்றார். "தின்னாலும் தின்னுமுங்கண்ணா. தின்னாதுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். அந்த ஆள் வழியை விட்டு ஒதுங்கினார். நங்கைக்குப் பிழைக்கத் தெரியாது என்று நான் நினைத்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் குடைந்தெடுப்பேன். "மிஷினு சொல்றது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியுங்க நங்கையா?"

"தெரியாது அம்மிணி. அதனாலதான் எனக்குச் சம்பளம் குடுக்கப் போறாங்க."

இன்னொரு நாள், முந்தானைக்குள் அவர் விரல்கள் தாமாக மடங்கி மடங்கி நிமிர்வதைக் கண்டுபிடித்தேன். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. என்ன அது என்று அதட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை வெளியே எடுத்துக் காட்டினார். மிஷினுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டுதான் தெரியுமாம். எந்த எண்ணையும் அந்த இரண்டை வைத்தே எழுத வேண்டுமாம். நிமிர்ந்த விரல் உண்டு, மடங்கியது இல்லை. கட்டைவிரல் ஒன்று, அடுத்தது இரண்டு, அடுத்தது நான்கு, எட்டு, சுண்டுவிரல் பதினாறு. நிமிர்ந்தவற்றைக் கூட்டினால் எண். பெரியவர்கள் முன்னால் விரலை ஆட்டுவது மரியாதையில்லை என்று முந்தானைக்குள் பழகுகிறாராம். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்வது மெய்யா என்று பார்ப்பதற்காகவே கற்றுக்கொண்டேன்.

தேர்வுக்கு முதல் நாள்தான் வினை வந்தது. அண்ணன் பங்குக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அதைக் குத்தகைக்குக் கேட்டு முதலமடையிலிருந்து ஒரு மாங்காய் வியாபாரி வந்திருந்தார். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து அவரும் ஐயனும் துண்டுக்குள் கைவிட்டுப் பேசினார்கள். நிலைப்படிக்கு உள்ளே நங்கை உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வியாபாரியின் பார்வைக்கு நேர் எதிரில். ஐயன் தற்செயலாகத் திரும்பியபோது, முந்தானைக்குள் மருமகளின் விரல்கள் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன. பேரம் முடியவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று ஐயன் வியாபாரியை அனுப்பிவிட்டார்.

பிறகு கேட்டார் பாருங்கள்: "எம் பையன் தோப்ப எத்தனைக்குப் பேசுன?"

நங்கைக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. புருஷன் பங்கைக் காசாக்கிக்கொண்டு குழந்தையோடு ஓடப்பார்க்கிறாள் என்று ஐயன் முடிவே கட்டிவிட்டார். நாளைக்குப் பஸ்ஸும் இல்லை, தேர்வும் இல்லை. கோயமுத்தூர், மிஷின், குளிர், விரல் எல்லாம் அவருக்கு ஒரே கயிற்றில் கோத்தது போல ஆகிவிட்டது.

நான் குறுக்கே புகுந்தேன். அவர் நல்லவர் என்று பரிந்துகொண்டு அல்ல. அந்த விரல் கணக்கு எனக்குத் தெரியும், ஐயன் சொல்வது தப்புக் கணக்கு. எனக்குத் தப்புக் கணக்கு பொறுக்காது. மாமனார் கையை மருமகள் தொடக்கூடாது. ஆகவே நானும் நங்கையும் ஒரு துண்டுக்குள் கைவிட்டோம். ஐயன் ஆத்தாவிடம் ஓர் எண்ணைச் சொல்ல, ஆத்தா அதை நங்கையின் காதில் ஓத, அவர் விரலைத் தடவிப் பார்த்து நான் சத்தமாகச் சொன்னேன். பதினொன்று. சரி. இன்னொன்று. அதுவும் சரி. ஜெயித்துவிட்டோம் என்று ஐயனைப் பார்த்தேன்.

"அப்போ இதுவும் வெலை பேசற பாசைதானே!" என்றார் ஐயன்.

அட கடவுளே! வாதாடப் போய் நானே சாட்சி சொல்லிவிட்டேன். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். நங்கை மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார். என்னை நம்புங்கள் என்று சொல்லவில்லை. சாமிமேல் ஆணையிடவில்லை. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சத்தியம் செய்யவில்லை. "மாமா, பாசைன்னா ரெண்டு பேருக்குத் தெரியோணுமுங்க. அவருக்குத் தெரியுமான்னு பாருங்க" என்றார்.

ஐயன் பதினொன்றுக்கு விரலை எப்படி வைப்பது என்று என்னிடம் கேட்டார். கட்டைவிரலும் அடுத்த விரலும் மோதிரவிரலும் நிமிர, மற்றவை மடங்க வேண்டும். கிழவருக்கு அது வளையவே இல்லை. வளைத்துக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார். வியாபாரி இன்னும் பஸ்ஸுக்காக டீக்கடையில்தான் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன். ஐயன் மறுபடி பேரம் பேசுகிறவர் மாதிரி துண்டைப் போட்டு, அந்த விரல்களை அவர் கையில் கொடுத்தார். நங்கையோடு அவருக்குப் பேச்சு இருந்திருந்தால், பதினொன்று என்று கண்ணிலாவது தெரிந்திருக்க வேண்டும்.

வியாபாரி தடவினார். சந்தைக் கணக்கில் எண்ணினார். "மூணா? எந்தா தரகரே, எதுக்கு மூணு? விரலுல வாதமா?" என்றார்.

ஐயன் துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. "நாளைக்கு வெள்ளன பஸ்ஸு. நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். பகல் முழுக்க என்னோடு பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் கண்ணால் அளந்தார். சாயங்காலம் பயிற்சி கொடுத்தவர் வெளியே வந்து, நங்கை தேறிவிட்டதாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஐயன் அசையவில்லை. "ராத்திரி வேலை உண்டுங்களா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் நல்ல எண்ணத்தில் மென்று விழுங்கினார். "பொம்பளைங்களுக்கு அப்படியெல்லாம் பெரிசா..." என்று இழுத்தார். நான் நங்கையைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடு தாயே, உன் குழந்தை போய்விடும் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"உண்டுங்க மாமா" என்றார் நங்கை. "மாசக் கடைசில விடிய விடிய இருக்கோணும். என்ர கூட ஆம்பளைங்களும் இருப்பாங்க."

போச்சு என்று நினைத்தேன். ஐயன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இல்லைன்னு நீ சொல்லியிருந்தா இப்பவே பஸ்ஸேத்தியிருப்பேன்" என்றார். "ஊடு பாக்கோணும். கொழந்தையக் கூட்டிட்டுப் போ. ருக்குவும் கூட இருக்கட்டும்." குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் என்பது பேச்சு. வேறு எதைப் பார்க்க என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்படித்தான் நாங்கள் மூவரும் கோயமுத்தூருக்குக் குடிவந்தோம்.

புரோகிராம் சரியாக ஓடுகிறது என்று நீங்கள் வந்து நின்றால், "துண்டு போட்டுப் பாத்தியா?" என்று அவர் கேட்பாராமே. அது மறையூர் வழக்கமா என்று உங்களில் ஒருவர் வாசுகியிடம் கேட்டாராம். எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். "நானும் நீயும் செஞ்சு காட்டுனது சோதனையே இல்ல அம்மிணி. மாமா செஞ்சதுதான் சோதனை. நான் பொய்யின்னா மாட்டியிருப்பேன்" என்று அவர் பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். தன்னை அவமானப்படுத்திய நாளிலிருந்து தொழில் கற்றுக்கொண்ட பெண் அவர். எனக்கு அந்த மனசு வராது. அந்த வியாபாரியைப் பிறகு எங்கே பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பாவம், அவர் என்ன செய்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது மருத்துவமனையில். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாரும் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தை மாதத்துக்குள் எழுந்து நடப்பீர்கள் என்று ஒருவர், முகத்தில் களை வந்துவிட்டது என்று இன்னொருவர். நங்கை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செரியாயிரும்ங்கறாங்க. நீ என்ன சொல்றே அம்மிணி?"

வாசுகி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் பார்க்காதது போல இருந்தேன். "எனக்கு அப்படித் தோணலீங்க நங்கையா" என்றேன்.

அறையே என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தது. நங்கை கண்ணை மூடித் திறந்தார். "அப்பாடா. எல்லாரையும் வெளிய போகச் சொல்லு. வாசுகி மட்டும் இருக்கட்டும், அவகிட்ட நெறையப் பேசோணும்" என்றார். தாயும் மகளும் அன்று வெகுநேரம் பேசினார்கள். நான் வராந்தாவில் நின்று வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவருடைய பொருள் எது வேண்டும் என்று வாசுகி கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஆறுதல் சொல்ல அத்தனை பேர் நின்ற அறையில், மெய் வேண்டியபோது அவர் திரும்பியது என் பக்கம். அவரை வேவு பார்க்க அனுப்பப்பட்டவள் நான். என்னை அவர் நம்பினார். வாழ்நாளில் இது ஒன்றைத்தான் நான் சோதித்துப் பார்க்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.