ரெண்டு கட்டை

இப்போது கரண்டு போனால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போனில் வெளிச்சம் அடிக்கிறார்கள். என் சிறு வயதில் போடியில் எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு பேட்டரி லைட்டு. உள்ளே போடும் பேட்டரியைக் கட்டை என்போம். லைட்டுக்கு ரெண்டு கட்டை. அந்தச் சொல்லால் வந்ததுதான் இதெல்லாம்.

அப்பாவும் சித்தப்பாவும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார்கள். ராத்திரி முழுக்க அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். ஜீப்பு நிற்கும் இடத்திலிருந்து ஸ்டோருக்கு ஏலச்செடிகளுக்குள் ஒற்றையடிப் பாதை. பனி மூடினால் பட்டப்பகலிலேயே தன் கை தனக்குத் தெரியாது. ஆனை வரும் தடமும் அதுதான். லைட்டு இல்லாமல் அவர்கள் அதில் கால் வைக்க மாட்டார்கள்.

அந்த ஆடியில் மழை விடவே இல்லை. ஒருநாள் காலையில் ஜீப்பு டிரைவர் லைட்டைக் கொண்டுவந்தார். எரியவில்லையாம். மூணு மணிக்கு அவர் மேலே திரும்புவதற்குள் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லி அப்பா அனுப்பியிருந்தார். அவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். தெருவிலிருந்த ரேடியோவையெல்லாம் பிரித்துப் போட்டவர் அவர். திரும்ப மாட்டியது எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

அடிமூடியைத் திருகியதும் ஒரு நாற்றம். பச்சையாகத் தண்ணீர் வடிந்தது. மாமா துவைகல்லில் தட்டிப் பார்த்தார். பிறகு வாசலுக்குக் கேட்கும்படி கத்தினார்:

“மாப்ளே, ரெண்டு கட்டையும் செத்துப்போச்சுய்யா! தண்ணி எறங்கி ஊதிக் கெடக்கு. இழுத்தாலும் வெளிய வர மாட்டேங்குது!”

லைட்டு வந்தது தெரியாமல், நடுவில் சாமி அறையில் அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் தாலியை ரெண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது.

டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பேட்டரிக் கட்டைக்கா மதினி எழவு கூட்டுறீக? அண்ணே மேல கட்டஞ்சாயா குடிச்சிக்கிட்டுல்ல இருக்காரு!”

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “சாமி விளக்கு முன்னால காதுல விழுந்துச்சுடா தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

டிரைவர் போன பிறகு மாமா சுடுதண்ணீர் ஊற்றிக் கட்டைகளை உருவினார். பூத்திருந்த பச்சையைத் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் தேய்த்தார். சுருள் கம்பிக்கு அடியில் சிகரெட்டு ஈயத்தாளை மடித்து வைத்து, புதுக் கட்டை போட்டு அமுக்கினார். பளிச்சென்று எரிந்தது. வெளிச்சம் சாமி அறைக்குள் போய்க் கருப்பசாமி படத்துக் கண்ணாடியில் விழுந்தது. படம் மறைந்து ரெண்டு கண் மட்டும் தெரிந்தது. அம்மா லைட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

மூணு மணிக்கு டிரைவர் வந்தார்.

“லைட்டு சரியாகல” என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“லைட்டு இல்லாட்டி அண்ணே அங்க தங்க மாட்டாரு மதினி. எறங்கிருவாரு.”

“எறங்கி வரட்டும்.”

பொழுது சாயும்போது அப்பாவும் சித்தப்பாவும் நனைந்துகொண்டு வந்தார்கள். அம்மா பானையிலிருந்து லைட்டை எடுத்துக் கொடுத்தாள். அப்பா அமுக்கிப் பார்த்தார். எரிந்தது.

“நல்லாத்தானடி எரியுது! ராசிங்காபுரத்துப் பயலுக ரெண்டு பேரு, வந்து மூணு நாளு ஆகல, அவனுகளப் பிடிச்சு எங்க சோலியில விட்டுட்டு வர்றோம். ஒனக்குக் கிறுக்கா?”

அம்மா சோறு போட்டாள்.

மறுநாள் மத்தியானம் டிரைவர் வந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் மண்மேடு சரிந்து சுவரோடு உட்கார்ந்துவிட்டதாம்.

“ரெண்டு பேரு மதினி. தண்ணியும் சேறுமா... இழுத்தாலும் வெளிய...”

மாமா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அம்மாவின் நாக்கில் கருப்பன் நின்று காப்பாற்றினான் என்றது தெரு. கோயிலில் பொங்கல் வைத்தோம். கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து, அம்மா கையால் திருநீறு பூசச் சொன்னார்கள். “நான் பூச மாட்டேன்” என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கிடைத்த பேரை வேண்டாமென்கிறாளே என்று எனக்குக் கோபம்.

அடுத்த ஆடியில், மண் சரிந்த அதே நாள், துவைகல்மேல் அம்மா ரெண்டு அகல் ஏற்றினாள். அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று என்று நினைத்தேன். திரி தெற்குப் பார்த்திருந்தது. கிழக்கு எது, தெற்கு எது என்று பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். சாமிக்கு யாரும் தெற்குப் பார்த்து ஏற்றுவதில்லையே என்று ரெண்டையும் கிழக்கே திருப்பி வைத்தேன். அம்மா மறுபடி தெற்கே திருப்பினாள். திருப்பினேன். திருப்பினாள்.

அம்மாவுக்குத் திசைகூடத் தெரியவில்லை என்று ஓடிப்போய் மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத் திசை தெரிந்திருந்தது. அது மட்டும்தான் தெரிந்திருந்தது.