நூர் பாய் வெட்டிய என் பதில்

நூர் பாய் இறந்துபோன செய்தி வந்தபோது நான் திருவள்ளூர் பஜாரில் என் புறாக்களுக்குக் கம்பு வாங்கிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னவர் பொதட்டூர்பேட்டைப் பள்ளி ஆசிரியர் தாமோதரன். கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலை முடிந்து பைக்கை எடுக்கப்போன பாய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. என் பிரச்சினையை முடிக்காமல் போய்விட்டாரே என்று கோபம்தான் வந்தது. பழவேற்காட்டில் நடந்த அடக்கத்துக்கும் நான் போகவில்லை.

பந்தயப் புறா வளர்க்கிற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நம் இணைய மன்றத்துக்கு அவர்தான் மட்டுறுத்துநர். பகலில் இரும்பு ஆலையில் ஸ்டோர் வேலை. மாலையில் பிரவுசிங் சென்டரில் ஓரத்துக் கம்ப்யூட்டர். புது உறுப்பினரின் முதல் பத்துப் பதிவுகள் அவர் படித்து அனுமதித்த பிறகுதான் வெளியே வரும். பழையவர்கள் எழுதுவது உடனே வந்துவிடும். மாலையில் உட்கார்ந்து வேண்டாததை எடுப்பார். எடுத்த இடத்தில் ‘நீக்கப்பட்டது – நூர்’ என்று மட்டும் நிற்கும். காரணம் கேட்டால், “எழுதுனவருக்கே தெரியும்” என்பார். இது கொழுப்பு என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதையேதான் நினைக்கிறேன்.

நம் சங்கம் நடத்திய இரங்கல் கூட்டத்தில் அவரைத் தங்கமான மனிதர் என்று ஆளாளுக்குப் பேசினீர்களாம். உங்கள் பதிவுகளை வெட்டியபோது அவரை என்னவெல்லாம் திட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். பாதித் திட்டு என்னிடம்தானே வந்து திட்டினீர்கள்!

என் கதைக்கு வருகிறேன். ஒரு மழை வாரத்தில் யாருடைய பந்தயப் புறாவோ வழி தவறி என் மாடியில் வந்து இறங்கியது. நல்ல நீலப் பட்டைப் பெட்டை. சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று மன்றத்தில் எழுதினேன். இதற்கு நூர் பாய் வைத்திருந்த விதி உங்களுக்குத் தெரியும்: கால் வளையத்தில் இருக்கும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை எழுதக் கூடாது. வருகிறவர் அதைச் சொன்னால்தான் புறா அவருடையது. நான் அவசரத்தில் எண்ணை முழுசாக எழுதிவிட்டேன். மாலையில் பாய் வந்து மூன்று இலக்கங்களை எடுத்தார். அதற்குள் யாரோ பார்த்துவிட்டான். மறுநாள் ஊத்துக்கோட்டையிலிருந்து என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆள் வந்து எண்ணைத் தப்பில்லாமல் சொன்னான். கூடையில் வைத்து, தண்ணீரும் காட்டிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் உண்மையான சொந்தக்காரர் வந்தார். மீஞ்சூர் வேலு. புறா போய்விட்டது என்றதும் வந்த வழியே திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் நானும் அந்த ஆளும் கூட்டு என்றும், நான் புறாத் திருடன் என்றும் மன்றத்தில் எழுதினார். பகல் முழுக்க அது நின்றது. நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். மாலையில் வேலையிலிருந்து வந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். கோபத்தில் வேலுவின் வீட்டு விலாசத்தையும் போட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் போய் அவர் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள் என்றும் எழுதினேன். அரை மணி நேரத்தில் அவர் எழுதியதும் போயிற்று, நான் எழுதியதும் போயிற்று. திருடன் என்பது எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. இல்லை என்று நான் சொன்னதை யாரும் படிக்கவில்லை.

மறுநாளே கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். ஆலை வாசலில் டீக்கடை பெஞ்சில் இருந்தார்.

“இன்னா நைனா, இம்மாந்தூரம்? நாஷ்டா துன்னியா?”

“நாஷ்டா துன்ன வர்ல பாய். என் பதிலு எங்க?”

“எடுத்துட்டேன்.”

“அவன் என்னைத் திருடன்னு எழுதுனது பகலு பூரா நின்னுகினு இருந்துச்சி. நான் எழுதுனது அர மணி நேரம் நிக்கல. இது இன்னா நியாயம்?”

“பகல்ல நான் உள்ள மாட்டிக்கினு இருந்தேன், பாக்க முடியல. அது என் தப்புதான். ஆனா நீ அவன் ஊட்டு அட்ரஸ போட்டு ஆள அனுப்புறியே. நாலு பேரு போய் ஊட்டாண்ட நின்னா அவன் பொண்டாட்டி புள்ளைங்க இன்னா பண்ணும்?”

“அப்ப என் மானம்?”

“அந்த ரெண்டு வரிய எடுத்துட்டு நீயே எழுதிக் குடு. இப்பவே வந்து போடறேன்.”

“ஒரு எழுத்து எடுக்க மாட்டேன். போட்டா முழுசா போடு.”

“அப்பறம் பேஜாருதான் நைனா” என்றார். எனக்காக வந்த டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அதன் பிறகு மூன்று வருடம் மன்றத்தில் நான் எழுதவில்லை. பந்தயத்துக்கு முன்னால், ஆள் மாற்றி வேறு புறாவைக் காட்டிவிடாமல் இருக்க, புறாக்களின் இறகில் முத்திரை குத்தும் பொறுப்பு திருவள்ளூர் வட்டாரத்தில் என்னிடம்தான் இருந்தது. நம்பிக்கையான ஆளிடம் மட்டுமே கொடுக்கிற வேலை. நீங்கள் கூடிப் பேசி அதை வேறொருவரிடம் கொடுத்தீர்கள். காரணம் ஒருவரும் சொல்லவில்லை. “உங்களுக்கு வேலை ஜாஸ்தி” என்றீர்கள். நூர் பாய் அந்த ஒரு பதிலை விட்டிருந்தால் இது நடந்திருக்காது. வீம்பு என்னுடையதும்தான். இருந்தாலும் மனசு ஆறவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் தாமோதரன் மறுபடி கூப்பிட்டார். இப்போது அவர்தான் மட்டுறுத்துநர். “நல்ல சேதி சார். உங்க பழைய பதில பாய் பத்திரமா வெச்சிருந்தார். நேத்தே போட்டுட்டேன். எல்லாரும் பாராட்றாங்க.”

போய்ப் பார்த்தேன். விலாசமும் சட்டையைப் பிடிக்கச் சொன்னதும் இல்லை. மற்றதெல்லாம் நான் எழுதியபடியே இருந்தது. ஆனால் கடைசியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது: ‘நடந்த தவறுக்கு வேலு அவர்களிடம் மனம் வருந்துகிறேன்.’ கீழே என் பெயர். அதற்கும் கீழே உங்கள் பாராட்டுகள். பெரிய மனசு என்கிறீர்கள். தப்பை ஒப்புக்கொண்டாரே என்கிறீர்கள்.

“அந்தக் கடைசி வரி யாரோடது சார்?” என்று கேட்டேன். “ஒரு மரியாதைக்கு நான்தான் சேத்தேன். நல்லாத்தானே இருக்கு?” என்றார். பாய் ஏதாவது எழுதி வைத்திருந்தாரா என்றேன். வாசித்துக் காட்டினார்: ‘விலாசம் இருந்த ரெண்டு வரியை மட்டும் நான் எடுத்துவிட்டேன். கோபால் வந்து படித்துவிட்டுச் சரி என்றால் மட்டும் போடவும். சொல்லாவிட்டால் இப்படியே கிடக்கட்டும்.’

என் ஒரு ‘சரி’க்காக மூன்று வருடம் என் பெயரை நாறவிட்ட மனிதர். ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நான் சொல்லாத ஒரு சொல்லை அவர் என் வாயில் வைக்கவில்லை. நல்லவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் அதைச் செய்துவிட்டீர்கள்.

பாய் நினைவாக நீங்கள் போடும் சங்க மலருக்கு இதைக் கொடுக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் முழுசாகத் தூக்கிப் போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு வரியும் சேர்க்காதீர்கள். நூர் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு விதிதான்.